கூட்டுறவுச் சங்கத்தின் எண்பதாயிரம் வெள்ளியைப் பினாங்கின் பசுமைப் பொருளாதாரத்தில் எங்கே போடுவது?

பிறைச் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறையில் இயங்கும் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் உறுப்பினர்கள் நூற்று முப்பது பேருக்குச் சற்று மேல். பெரும்பாலோர் தோட்டப்புறங்களை விட்டு வந்து, தொழிற்சாலை வேலையிலும் லோரி ஓட்டத்திலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டவர்கள். பல ஆண்டுச் சேமிப்பாக எண்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வங்கியில் நிரந்தர வைப்பாகக் கிடக்கிறது. அதை ஒரு தொழிலில் போட வேண்டும் என்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். இளைய உறுப்பினர்கள், இனி எல்லாம் பசுமைப் பொருளாதாரம்தான், அதில் போடுங்கள் என்கிறார்கள். மூத்தவர்களோ, பசுமை என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, அதற்கு எவன் காசு கொடுக்கிறான் என்று கேட்கிறார்கள். நடுவில் நிற்பவள் நான்.

நம் மாநிலம் இதுவரை செய்தவற்றை ஓரளவு படித்திருக்கிறேன். இலவசப் பிளாஸ்டிக் பை இல்லாத நாள்கள் 2009இல் தொடங்கின. 2011 முதல் எல்லா நாளும் அப்படியே. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை 2016 ஜூன் மாதம் வந்தது. பினாங்கு 2030 என்ற தொலைநோக்கில் 'பசுமை' என்ற சொல் முதல் வரியிலேயே இருக்கிறது. ஜோர்ஜ்டவுனில் வெப்பத்தையும் வெள்ளத்தையும் தணிக்க மரம் நடுவதற்கும் வடிகால்களைச் சீராக்குவதற்கும் ஐக்கிய நாடுகளின் தழுவல் நிதியம் 2021இல் ஒரு கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் உறுப்பினருக்கு இலாப ஈவு எதிலிருந்து வரும் என்று கேட்டால், இவற்றில் எதையும் காட்டி என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. சங்க மண்டபத்தின் கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்துவது ஒன்று. சாப்பாட்டுக் கடைகளின் உணவுக் கழிவை எடுத்து, செபராங் பிறை தெற்கில் குத்தகைக்குக் கிடைக்கக்கூடிய அரை ஏக்கரில் எரு ஆக்குவது இன்னொன்று. பழைய பிளாஸ்டிக்கையும் மின்னணுச் சாமான்களையும் வாங்கி விற்பது மூன்றாவது. எதில் இறங்கலாம்?

கணக்கோடு சேராத ஒரு மனக்குறையும் உண்டு. தீவின் குப்பை கடல் கடந்து நிபோங் திபால் பக்கத்துப் பூலாவ் பூரோங் கிடங்குக்கு வருகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்தபோது, அந்தப் பக்கத்து எங்கள் உறுப்பினர்கள் வாரக்கணக்கில் சன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். பசுமை நகரம் என்ற பெயர் தீவுக்கும், அதன் புகை எங்களுக்கும் என்று ஆகிவிடக் கூடாது. இதைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாயான் லெபாஸ்காரன் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்தவன் நான். உங்கள் மூத்த உறுப்பினர்கள் கேட்கும் கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது.

பினாங்கில் பசுமைக்குக் காசு கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் ஏற்றுமதித் தொழிற்சாலைகள். 1972இல் பாயான் லெபாசில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வளாகம் தொடங்கியபோது வெளிநாட்டு நிறுவனங்கள் தேடி வந்தது மலிவான, சொன்னதைக் கேட்கும் கைகளை. இன்று அதே நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் ஒரு நீண்ட கேள்வித்தாளை அனுப்புகிறார்கள்: எவ்வளவு மின்சாரம் செலவானது, அதில் எத்தனை பங்கு சூரிய ஒளியிலிருந்து வந்தது, எவ்வளவு தண்ணீர் போனது, கழிவு எந்த லோரியில் ஏறி எங்கே இறங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் அதை நிரப்பிய ஆண்டுகளில் 'கேண்டீன் உணவுக் கழிவு' என்ற கட்டம் வரும்போதெல்லாம் 'குப்பைக் கிடங்கு' என்று எழுத வேண்டியிருந்தது. கழிவை எடுத்துப்போக ஆள் கிடைக்காமல் இல்லை. பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் அன்றாடம் வந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார். இத்தனை கிலோ எடுத்தேன், இன்ன இடத்தில் இன்னதாக மாற்றினேன் என்று கையெழுத்திட்ட ஒரு தாளை அவரால் கொடுக்க முடியவில்லை. தாள் இல்லையென்றால் தணிக்கையாளருக்கு அந்தக் கழிவு கிடங்குக்குப் போனதாகத்தான் பொருள்.

ஆகவே தொழிற்சாலை உங்களிடமிருந்து எருவை வாங்கப் போவதில்லை. எடைச் சீட்டைத்தான் வாங்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் உங்கள் இரண்டாவது யோசனை வேறொரு தொழிலாகத் தெரியும்.

சோலாரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கூரைத் தகடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நான்காயிரம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் உங்கள் பணத்துக்கு 20 கிலோவாட் வரும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,300 யூனிட் கொடுத்தால் மொத்தம் 26,000 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 13,000 வெள்ளி; ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் போனால் முதல் திரும்பிவிடும். தாளில் இதைவிட நல்ல முதலீடு கிடையாது. ஆனால் உங்கள் மண்டபத்தில் விளக்கும் குளிர்சாதனமும் எப்போது ஓடுகின்றன? சனி ஞாயிறுகளிலும் மாலை வேளைகளிலும் என்றுதான் ஊகிக்கிறேன். தகடுகள் மின்சாரம் தருவதோ, திங்கள் முதல் வெள்ளி வரை பட்டப்பகலில், மண்டபத்தில் பூட்டுத் தொங்கும்போது. பழைய நிகர அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்துவிட்டது. மீதி மின்சாரத்தை மின்சார நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அதே விலைக்கு ஈடு பெற்ற காலத்தை நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். பகலில் இயந்திரம் ஓடும் பட்டறை, சலவைக்கடை, குளிர்பதனக் கிடங்கு போன்றவை உங்கள் உறுப்பினர்களிடம் இருந்தால், அவர்கள் கூரையில் சங்கத்தின் பணத்தில் தகடுகளைப் பொருத்தி மாதத் தவணை வாங்குவதே மேல்.

மின்னணுக் கழிவை மட்டும் தொடவே வேண்டாம். அது 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு, அதாவது சட்டம் தனியாகப் பட்டியலிட்ட அபாயக் கழிவு. உரிமம் இல்லாதவர் அதைச் சேர்த்து வைப்பதே குற்றம்.

இலைமக்கு எழுதியது:

தங்கச்சி, நான் பாலிக் பூலாவில் ஒரு சிறு தோட்டத்தின் ஓரத்தில் ஒன்பது ஆண்டுகளாக எரு ஆக்கிக்கொண்டிருக்கிறேன். ஆறு சாப்பாட்டுக் கடைகளும் ஒரு விருந்து மண்டபமும் எனக்குக் கழிவு தருகின்றன. கொள்முதல்காரர் எடைச் சீட்டைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட்டு எழுதுவதற்கு முன்னால் குவியலை நாறாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முழுதாக ஓர் ஆண்டு பிடித்தது. அந்த ஆண்டில் அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரால் இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவறு என்னுடையதுதான்.

நம் கடைக் கழிவின் குணம் தனி. புத்தகங்களில் எழுதியிருப்பது காய்கறித் தோலையும் புல்லையும் பற்றி. நமக்கு வருவதோ குழம்பு ஊறிய சோறு, மீன் முள், எண்ணெய், உப்பு, அதன் மேல் வாழையிலை. சாப்பிட்டவர் மரியாதைக்காக இலையை மடித்துவிட்டுப் போகிறார் அல்லவா, அந்த மடிப்புதான் எங்களுக்கு முதல் எதிரி. மடித்த இலைக்குள் சோறும் ரசமும் காற்றுப் படாமல் அடைபட்டு, மூன்றாம் நாள் திறந்தால் சாக்கடை நாற்றம் அடிக்கும். ஒவ்வோர் இலையையும் பிரித்து, நரம்புக்குக் குறுக்கே கிழித்துப் போட வேண்டும். அடுத்த எதிரி, பொட்டலம் கட்டும் ரப்பர் வளையம். பிளாஸ்டிக்கைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். சிவப்பு ரப்பர் வளையம் மிளகாயோடு மிளகாயாகக் கிடந்து, மூன்று மாதம் கழித்து எருவைச் சலிக்கும்போது, மக்காமல் போட்டது போட்டபடி வெளியே வரும். எருவில் பத்து வளையங்களைப் பார்த்த டுரியான் தோட்டக்காரர் அடுத்த முறை வாங்க வரமாட்டார்.

ஈரக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த பொருள் ஒன்றரைக் கூடையாவது வேண்டும். மரத்தூள், காய்ந்த இலை, தேங்காய் மட்டை எதுவானாலும் சரி. கலந்த பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரல் இடுக்கில் இரண்டு சொட்டு நீர் வரலாம், ஒழுகக் கூடாது. கலவை சரியாக இருந்தால் மூன்றாம் நாள் குவியலின் நடுவில் 60 பாகை வெப்பம் ஏறும். விடியற்காலையில் அதைக் கிளறினால் இட்டிலிச் சட்டியைத் திறந்தது போல ஆவி மேலே வரும். அந்த ஆவியில் மண்வாசம் இருந்தால் நன்று; புளித்த கள் வாசம் வந்தால் இன்னும் மரத்தூள் போட வேண்டும்.

ஒரு முறை பேராசைப்பட்டேன். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் உடைத்த தேங்காய்கள் சாலையோரம் மலைமலையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு லோரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். மட்டைக்காகத்தான் ஏற்றினேன் என்றாலும் வந்து சேர்ந்தது முக்கால்வாசி ஓடும் பருப்பும். ஓடு மக்க ஆண்டுக்கணக்காகும். பருப்பில் இருக்கும் எண்ணெய் சிக்குப் பிடித்து, குவியல் முழுவதையும் மூச்சுவிடாமல் அடைத்துவிட்டது. மூன்று வாரம் ஈயோடு மல்லுக்கட்டிவிட்டு, பெரும்பகுதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். முருகன் சோதித்தான் என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள்.

இனி காசு. நூறு கிலோ உணவுக் கழிவில் எழுபது எண்பது கிலோ வெறும் தண்ணீர். அது ஆவியாகப் போன பிறகு, சேர்த்த மரத்தூளோடு உங்கள் கையில் நிற்பது முப்பது நாற்பது கிலோ எரு. கோழி எரு மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கும் ஊரில் இதற்கு யாரும் தங்க விலை தரமாட்டார்கள். எருவை விற்று என் லோரியின் எண்ணெய்ச் செலவையும் ஒரு தொழிலாளியின் பாதிச் சம்பளத்தையும்தான் கட்ட முடிகிறது. மீதி முழுவதும் கழிவை எடுப்பதற்குக் கடைகளும் மண்டபமும் தரும் மாதக் கட்டணத்திலிருந்து வருகிறது. சாலையோரக் கடைக்காரர் உங்களுக்குத் தனியாகக் காசு தரமாட்டார். மாநகர் மன்றத்தின் லோரி அவருக்குப் போதும். தனியார் குத்தகைக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுத்துக் குப்பையை அள்ளச் சொல்லும் பெரிய மண்டபங்களையும் தொழிற்சாலைக் கேண்டீன்களையும் தேடிப் போங்கள்.

நம் நாட்டில் 2012இல் எடுத்த ஆய்வில், வீட்டுக் குப்பையில் நூற்றுக்கு 44 பங்குக்கு மேல் உணவுக் கழிவு என்று தெரியவந்தது. கிடங்கில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆவது பெரும்பாலும் இதுதான். நீங்கள் சொன்ன புகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, தங்கச்சி. காய்ந்த குப்பை மட்டும் புதைந்து கிடந்தால், உள்ளே எரிவதற்கு இவ்வளவு வாயு சேர்ந்திருக்காது.

பிறைச் செயலாளர் எழுதியது:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. மண்டபத்தின் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கொள்முதல் அண்ணன் ஊகித்தது அப்படியே உண்மை. வார நாள்களில் பகலில் ஒரு குளிர்பதனப் பெட்டியும் கணக்கரின் மின்விசிறியும் மட்டுமே ஓடுகின்றன. ஆகவே எரு யோசனையை இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறேன். இலைமக்கு அண்ணனிடம் ஒரு கேள்வி: அரை ஏக்கரில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ வரை சமாளிக்கலாம்?

இலைமக்கு எழுதியது:

கூரை போட்ட, சிமெண்டுத் தரை உள்ள இடமாக இருந்தால் அரை டன் வரை இரண்டு மூன்று ஆள்களை வைத்துச் சமாளிக்கலாம். கூரை இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். நம் ஊர் மழை ஒரு மாலைப்பொழுதில் ஒரு மாத உழைப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பம்ப்பறை ஓய்வு எழுதியது:

மகளே, தண்ணீர்த் துறையில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கரைந்து போகும் அந்த மழைநீர் எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உங்கள் மனக்குறையைக் கணக்கோடு சேராதது என்று தள்ளிவைத்தீர்கள். என் பார்வையில் அதுதான் முதல் கணக்கு. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். ஏறத்தாழ 160,000 ஹெக்டர் பரப்புள்ள நீர்ப்பிடிப்புக் காடு அது. கெடாவும் பெர்லிசும் அதையே நம்பியிருக்கின்றன. காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்குக் கூலியாக ஆண்டுக்கு ஐந்து கோடி வெள்ளி தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. ஆறு தன் எல்லையிலும் ஓடுகிறது, எடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பினாங்கு மறுக்கிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெட்டுமரத்தால் வரும் வருமானத்தைக் கெடா விட்டுக்கொடுக்க வேண்டுமானால், அந்த இழப்பை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு தரும் சூழலியல் நிதி 2019ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஆறு கோடி வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் இருபத்தைந்து கோடியாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பங்கிடப்படும் தொகை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நகரம் ஒன்று தன் எல்லைக்குள் மட்டும் கணக்கெழுதினால் எளிதில் பசுமையாகிவிடலாம். கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தண்ணீர் கெடாவிலிருந்து வருகிறது, குப்பை செபராங் பிறைக்குப் போகிறது, தொழிலாளர்கள் கெடாவின் கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் விடியலில் பேருந்து ஏறி வருகிறார்கள். கூலிமில் செய்யப்படும் சோலார் தகடுகள் பெரும்பாலும் கப்பலேறிப் போய்விடுகின்றன. அக்கம்பக்கத்துக் கூரைகள் இன்னும் வெறும் தகரமாகவே இருக்கின்றன.

உங்கள் அரை ஏக்கருக்கு வருகிறேன். அதன் வடிகால் எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று நடந்து போய்ப் பார்த்தீர்களா? 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து குவாலா ஜூரு மீனவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்த மீனவர்களுக்காகக் குரல் கொடுத்ததை உங்கள் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எருக் குவியலிலிருந்து வடியும் கருஞ்சாறும் ஆற்றுக்கு அதே நஞ்சுதான். ஆற்று நீரிலுள்ள பிராணவாயுவை அது தின்றுவிடும். சாற்றைத் தொட்டியில் பிடித்து மீண்டும் குவியலுக்கே ஊற்றும் ஏற்பாடு இல்லாமல், பசுமை என்ற பலகையை வாசலில் மாட்டாதீர்கள்.

இன்னொன்று. 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலை இழந்து நின்ற தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். எத்தனை விழுக்காடு ஈவு என்ற கேள்வி அங்கே இரண்டாவதாகத்தான் வந்தது. எத்தனை குடும்பத்துக்கு வேலை நிலைக்கும் என்பதே முதல் கேள்வி. சோலார் தகடு ஆறு ஆண்டுகளில் முதலைத் திருப்பித் தரும். உங்கள் உறுப்பினரில் ஒருவருக்கும் வேலை தராது. அரை டன் கழிவு மூன்று பேருக்குச் சோறு போடும்.

பாயான் லெபாஸ்காரன் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கடைசிப் பத்தியோடு உடன்பட முடியவில்லை. தோட்டம் என்பது நிலம். தொழில் படுத்தாலும் நிலத்தின் விலை நிற்கும். எரு ஆக்கும் தொழில் படுத்தால் மிஞ்சுவது குத்தகை நிலமும் ஒரு பழைய லோரியும். எண்பதாயிரம் என்பது அந்த உறுப்பினர்களின் வாழ்நாள் சேமிப்பு. மூன்று பேருடைய வேலைக்காக நூற்று முப்பது பேருடைய பணத்தைப் பணயம் வைக்கலாமா என்பதைப் பொதுக்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் முழு விவரம் தெரிந்துகொண்டு. முப்பதாயிரத்துக்கு மேல் முதலாண்டில் இறக்க வேண்டாம் என்பது என் யோசனை. கேண்டீன் ஒன்று, மண்டபம் ஒன்று எனக் குறைந்தது இரண்டு ஓராண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தான பிறகே கூரைக்குக் கம்பம் நடுங்கள்.

பழைய சாமான் எழுதியது:

மூன்றாவது யோசனையில் பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் என் அப்பா காலத்திலிருந்து பழைய சாமான் கடை நடத்துகிறோம். அட்டைக்கும் இரும்புக்கும் அலுமினியக் கலனுக்கும் என்றும் விலை உண்டு. ஏறும் இறங்கும், செத்துப் போகாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. 2018இல் சீனா அந்நியக் குப்பைக்குக் கதவை அடைத்த பிறகு, உலகத்துப் பிளாஸ்டிக் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியது. சுங்கைப் பட்டாணியில் உரிமமில்லாத பட்டறைகள் இரவில் எரித்த புகையில் மக்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டறைக்காரர்களும் தங்களை மறுசுழற்சிக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை அரசாங்கம் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பியது. கழுவி, நிறம் பிரித்து, வகை பிரிக்கப்படாத பிளாஸ்டிக்குக்கு யாரும் விலை தரமாட்டார்கள். கழுவிப் பிரிக்கும் கூலி விற்கும் விலையைவிட அதிகம். இந்தத் தொழிலில் புதிதாக நுழைய இது காலமில்லை.

ஒரு சிறு உதவி செய்யலாம். சரக்கு அடுக்கும் மரப்பலகைத் தட்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வெளியாகும் மரத்தூளை இப்போது காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறார்கள். மருந்து அடிக்காத பலகையின் தூள்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, உங்களுக்கு வாங்கித் தருகிறேன்.

பிறைச் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டபத்தில் நடந்த ஒரு திருமணம். பெண் வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மீன் சந்தையிலிருந்து ஒரு தராசை இரவல் வாங்கி, பின்கட்டில் இளைய உறுப்பினர்கள் நால்வரோடு உட்கார்ந்தேன். ஐந்நூறு இலைக்குச் சற்றுக் குறைவு. இலையும் எச்சிலும் 112 கிலோ, சமையல் கட்டில் நறுக்கித் தள்ளியது 31 கிலோ, பரிமாறாமல் மிஞ்சிய சோறும் குழம்பும் 26 கிலோ. ரப்பர் வளையம் ஒன்றும் இல்லை. பாயசம் கொடுத்த காகிதக் குவளையும் தண்ணீர்ப் புட்டியும்தான் இலைகளோடு கலந்து வந்து எங்களைப் படாதபாடு படுத்தின. இரண்டாம் பந்தியிலிருந்து, கை கழுவும் இடத்தில் தனித் தொட்டி ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தினோம். அதன் பிறகு கலப்பு பாதியாகக் குறைந்தது. மடித்த இலைகளைப் பிரிக்க மட்டும் நால்வருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

பம்ப்பறை ஐயா சொன்னபடி நிலத்தையும் போய்ப் பார்த்தேன். வடிகால் ஒரு நெல் வயலின் வாய்க்காலில் விழுகிறது. அதைத் தாண்டி இறால் குட்டை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டோம். பழைய கோழிக் கொட்டகை ஒன்று, சிமெண்டுத் தரையும் கூரையும் உள்ளது, சிம்பாங் அம்பாட் பக்கம் வாடகைக்கு வருவதாக ஓர் உறுப்பினர் சொன்னார். இந்த வாரம் அதையும் மழை பெய்யும் நேரமாகப் பார்த்துப் போய்ப் பார்க்கப் போகிறோம்.

நிர்வாகக் குழுவில் இருபத்தைந்தாயிரம் வரை செலவிடலாம் என்று பேசியிருக்கிறோம். பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். மீதியைத் தொடவில்லை. சலவைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தம் கூரையைக் காட்டத் தயாராக இருக்கிறார், அதைத் தனியாகப் பேசுவோம். இரண்டு தொழிற்சாலைக் கேண்டீன்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். கொள்முதல் அண்ணன், எடைச் சீட்டில் என்னென்ன கட்டங்கள் இருந்தால் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார் என்று ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா? பழைய சாமான் அண்ணனுக்கு: மரத்தூள் வாரத்துக்கு எத்தனை மூட்டை கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள், இலைமக்கு அண்ணனின் கணக்குப்படி ஒரு திருமணத்துக்கே எங்களுக்கு நிறையத் தேவைப்படும் போலிருக்கிறது.

இலைமக்கு எழுதியது:

கோழிக் கொட்டகை என்றால் தரையில் பழைய எரு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிடாதே, தங்கச்சி. முதல் குவியலுக்கு உறை ஊற்றுவது போல அதில் இரண்டு வாளி போட்டால் போதும், சூடு சீக்கிரம் ஏறும். பாயசக் குவளையின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது மக்காது. எவர்சில்வர் டம்ளருக்கு மாறச் சொல்லி மண்டபத்து வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மண்டபம் உங்களுடையதுதானே.